கடைசி ஓவரை வீசுவது யார்?

திருவான்மியூர்க் கடற்கரையில் மாலை வேளையிலே உலவச் செல்லும் அன்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். டென்னிஸ் பந்தும் மட்டையும் கொண்டு சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மணலில் நட்ட குச்சிகளே அவர்களுக்கு ஸ்டம்புகள். கரையேற்றிய படகே எல்லைக்கோடு. ஆட்டம் முடிவை நெருங்கும்போது தலைவனாகிய சிறுவன் உரக்கக் கூவுவான்: "அவன்கிட்ட இப்பக் குடுக்காதேடா, கடைசி ஓவருக்கு வேணும்!"

அச்சிறுவன் அறிந்து சொன்னதோ அறியாமற் சொன்னதோ, அச்சொல்லில் ஒரு பெரிய விளையாட்டுத் தத்துவம் அடங்கியிருக்கிறது. பந்து வீசுவோர் பலர் இருக்கலாம். ஆனால் நெருக்கடியான நேரத்தில் நம்பிப் பந்தைக் கொடுக்கத்தக்கவர் எத்தனை பேர்? கோப்பையை நாடும் ஓர் அணிக்கு இக்கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதையே இன்று ஆராய முற்படுவோம்.

அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் என்னும் ஆட்டம் பெரிதும் போற்றப்படுகிறது. அதில் பந்தெறிபவர் ஒருவர் ஆட்டத்தைத் தொடங்குவார். அவர் களைத்தாலும், அவர் எறியும் பந்துகள் அடிபடத் தொடங்கினாலும், வேறொருவர் வந்து இடத்தை நிரப்புவார். ஒருமுறை விலகியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் களமிறங்க இயலாது. பின்னால் வரவேண்டியவர்கள் மைதானத்தின் ஒரு பக்கத்தில் கையைப் பதப்படுத்திக்கொண்டு காத்திருக்கும் இடத்திற்குப் 'புல்பென்' என்று பெயர். காளைத் தொழுவம் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வாடிவாசலுக்குப் பின்னே முறை வரும்வரை நிற்கும் காளைகளை நினைத்துக்கொண்டால் நம்மவர்க்கு இப்பெயர் எளிதில் விளங்கும். அங்கே ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அத்துணை நெடிய பயணத்தில் தொடங்குபவரை மட்டும் நம்பியிருக்கும் அணி நெடுந்தூரம் செல்லாது.

நமது நாட்டில் இதற்கு நிகரான நிலையை ஐ.பி.எல். பந்தயங்களிலே காணலாம். ஓர் அணி வீசவேண்டியவை 20 ஓவர்கள். எவரும் 4 ஓவர்களுக்கு மேல் வீசலாகாது என்பது விதி. ஆகவே ஐவராவது பந்து வீசியாகவேண்டும். எத்தனை சிறந்த வீரர் இருவரை வைத்திருந்தாலும் அவர்களால் 8 ஓவர்களையே வீச முடியும். எஞ்சிய 12 ஓவர்கள் பிறர் கையில் இருக்கின்றன. மட்டை பிடிப்பவருக்கு இத்தகைய வரம்பு இல்லை. அவர் இருபது ஓவரும் நின்று ஆடலாம். வீச்சாளருக்கோ கணக்கு முடிந்தால் வேலை முடிந்தது.

2019ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டம் இதற்குத் தக்க சான்று. மும்பை அணி எடுத்தவை 149 ஓட்டங்கள். மும்பையின் தலைசிறந்த வீச்சாளர் பும்ரா தமது 4 ஓவர்களில் 14 ஓட்டங்களே கொடுத்தார். ஆனால் பத்தொன்பதாம் ஓவரோடு அவர் கணக்குத் தீர்ந்துவிட்டது. கடைசி ஓவரில் சென்னை அணிக்கு வேண்டியவை 9 ஓட்டங்கள். அதற்குச் சற்று முன்புதான் ஒரே ஓவரில் 20 ஓட்டங்கள் கொடுத்திருந்த மலிங்காவிடமே பந்து சென்றது. முதிர்ந்த அனுபவம் படைத்த அவர் 7 ஓட்டங்களே கொடுத்தார். ஒரே ஓட்டத்தில் சென்னை கோப்பையை இழந்தது. முதல்வராகிய பும்ரா ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினார், முடித்துவைத்தவர் மற்றொருவர்.

ஓர் ஆட்டத்தில் இவ்வாறு என்றால், ஏறத்தாழ இரண்டு மாதம் நீளும் தொடரில் என்ன நேரும்? 2024ஆம் ஆண்டின் சென்னை அணியைப் பார்ப்போம். பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டங்கள், முதல் நான்கு அணிகளுக்கே அடுத்த சுற்றில் இடம். சென்னைக்காக வங்காளதேசத்து முஸ்தாபிசுர் 9 ஆட்டங்களில் 14 விக்கெட்டுகளையும், இலங்கையின் பதிரணா 6 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகளையும் வீழ்த்தியிருந்தனர். மே மாதம் முதல் தேதி சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தோடு முஸ்தாபிசுர் தம் நாட்டுக்காக ஆடச் சென்றுவிட்டார். அதே ஆட்டத்தில் தீபக் சாகர் இரண்டே பந்துகள் வீசிய நிலையில் காயமுற்று வெளியேறினார். சில நாட்களில் பதிரணாவும் தசைப் பிடிப்பினால் தாயகம் திரும்பினார். தொழுவம் ஒரே வாரத்தில் வெறுமையுற்றது.

எஞ்சிய நான்கு ஆட்டங்களில் சென்னை இரண்டில் வென்று இரண்டில் தோற்றது. தோற்ற ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்த ஓட்டங்களைக் கவனியுங்கள்: அகமதாபாத்தில் குஜராத் அணி 3 விக்கெட்டுகளுக்கு 231, மே 18ஆம் தேதி பெங்களூரில் அவ்வூர் அணி 5 விக்கெட்டுகளுக்கு 218. அந்தப் பெங்களூர் ஆட்டத்தில் சென்னை வெல்லவேண்டும் என்பதுகூட இல்லை. 201 எடுத்திருந்தாலே அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும். எடுத்தவை 191. இரு அணிகளும் 14 புள்ளிகளில் நிற்க, ஓட்ட விகிதத்தால் பெங்களூர் நான்காம் இடம் பெற்றது. சென்னை ஐந்தாம் இடத்தோடு நின்றது.

அன்று பெங்களூருக்காகக் கடைசி ஓவரை வீசியவர் யாஷ் தயாள். சென்னை முன்னேறுவதற்கு 17 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. முதற்பந்தைத் தோனி சிக்ஸராக்கினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இதே தயாளின் கடைசி ஓவரில்தான் ரிங்கு சிங் தொடர்ந்து ஐந்து சிக்ஸர்கள் அடித்திருந்தார். அத்தகைய அடியைத் தாங்கி எழுந்து, மீண்டும் அதே பொறுப்பை ஏற்கும் நெஞ்சுரமும் இத்தொழிலுக்கு வேண்டிய முதல்களில் ஒன்று.

அப்படியாயின் வீச்சாளர் தொகுதியே அனைத்துமா? அவ்வாறு கூறுவது மிகையாகும். மட்டை பிடிப்போர் தளர்ந்த அணியைக் காத்திருக்கும் வீச்சாளர்கள் சிகரத்தில் ஏற்றிவிட இயலாது. நல்ல அணியும் பெரிய அணியும் வேறுபடுவது அத்தனை நுண்ணிய இடத்திலே. அடித்தளத்து அணியை அது உயர்த்துவதில்லை. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையேயுள்ள பத்து ஓட்டங்களை அதுவே தீர்மானிக்கிறது.

மற்றொன்றும் உண்டு. காத்திருப்போர் ஒரே நாளில் முளைப்பதில்லை. 2022இல் காயமுற்ற ஒருவருக்கு மாற்றாகச் சென்னை அணிக்கு வந்தவர் பதிரணா. அவ்வாண்டு அணி ஒன்பதாம் இடத்தில் நின்றது. மறு ஆண்டு, நெடுங்காலம் சென்னைக்காகக் கடைசி ஓவர்களை வீசி ஓய்வுபெற்ற பிராவோ பயிற்சியாளராக இருக்க, அவ்விளைஞரே 19 விக்கெட்டுகள் வீழ்த்தினார். கோப்பையும் சென்னைக்கு வந்தது. தோற்ற ஆண்டில் தேடி வைத்தது வென்ற ஆண்டில் உதவியது.

ஆகவே, அடுத்தமுறை திருவான்மியூர் மணலில் அச்சிறுவனின் குரல் கேட்டால் சற்று நின்று கவனியுங்கள். இன்று பந்து கிடைக்காமல் எல்லையோரத்தில் நிற்கும் பையனுக்கும் இரண்டு ஓவர் வீச வாய்ப்புக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்தால், நாளைய கடைசி ஓவருக்கு அங்கே ஒருவன் ஆயத்தமாகிறான் என்று பொருள்.