பழைய கணினியைத் தீச்சுவராக மாற்றுதல்

இணையத்துக்கும் இடத்துரி வலையமைப்புக்கும் இடையே சென்றுவரும் தரவுப் பொதிகளை, விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஏற்பாடு தீச்சுவர் எனப்படும். பாவனையிலிருந்து ஒதுக்கப்பட்ட கணினியொன்றையும் இதற்குப் பயன்படுத்தலாம். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஐபிஃபயர் இதற்கான திறந்த மூல மென்பொருள்களுள் ஒன்றாகும். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை.

தேவையானவை

1. 64 பிற் முறைவழியாக்கி கொண்ட கணினி. மிகப் பழைய 32 பிற் கணினிகள் இன்று பொருந்தா. இவ்வகையைச் சேர்ந்த பிஎஃப்சென்ஸ் மென்பொருளும் 2017 இல் வெளியான 2.4 பதிப்புடன் 32 பிற் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்தியது.
2. குறைந்தது 1 ஜிகாபைற் நினைவகம்.
3. இரண்டு வலையமைப்பு இடைமுக அட்டைகள். ஒன்று இணையப் பக்கத்துக்கும் மற்றையது உள்ளகக் கணினிகள் இணைந்த ஆளிக்கும் உரியது. இதனால் ஒவ்வொரு பொதியும் தீச்சுவரின் ஊடாகவே செல்ல வேண்டியுள்ளது.

நிறுவும் படிமுறை

1. கணினியிலுள்ள தேவையான கோப்புகளைப் பிரதிசெய்து கொள்க. நிறுவும்போது வன்வட்டிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும்.
2. மென்பொருளைப் பென்ட்ரைவில் பதிந்து, அதிலிருந்து கணினியைத் தொடக்குக.
3. வன்வட்டைத் தெரிவுசெய்து நிறுவுக. பின்னர் கணினியை மீளத் தொடக்குக.
4. "ரூட்", "அட்மின்" ஆகிய இரு கணக்குகளுக்கும் வெவ்வேறான வலிமையான கடவுச்சொற்களை இடுக.
5. இணையப் பக்க அட்டைக்குச் சிவப்பு எனவும், உள்ளகப் பக்க அட்டைக்குப் பச்சை எனவும் ஒதுக்குக.
6. பச்சைப் பக்கக் கணினியொன்றின் இணைய மேலோடியில் தீச்சுவரின் ஐபி முகவரியை 444 ஆம் துறையுடன் தட்டச்சுச் செய்து, ஏனைய அமைப்புகளைச் செய்க.

கவனிக்க: 5 ஆம் படியில் பலர் தவறுவர். இரு வடங்களும் மாறினால் உள்ளகக் கணினிகள் இணையத்தை அடையா. ஒவ்வொரு அட்டைக்கும் தனித்துவமான மாக் முகவரியைக் கொண்டு அட்டைகளை இனங்காண்க.

செயற்படும் விதம்

பச்சையிலிருந்து சிவப்புக்குச் செல்லும் கோரிக்கைகள் அனுமதிக்கப்படும். அவற்றுக்கான பதில்கள் உள்ளே வரும். கோரப்படாமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் தடுக்கப்படும்.

மாதிரி வினா

பாடசாலைக் கணினி ஆய்வுகூடமொன்றில் தீச்சுவர் சரியாக நிறுவப்பட்டிருந்தும், கணினியொன்றில் வைரசு காணப்பட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் தருக.

விடை

1. பென்ட்ரைவ் மூலம் வந்த வைரசு தீச்சுவரின் ஊடாகச் செல்லவில்லை.
2. பயனரே கோரிப் பதிவிறக்கிய கோப்பு, அனுமதிக்கப்பட்ட பதிலாக உள்ளே வந்தது.

தீச்சுவர், தன்னூடாகச் செல்லும் பொதிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். எனவே நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும், தீச்சுவரைக் காலத்துக்குக் காலம் இற்றைப்படுத்தலும் அவசியமாகும். "தீச்சுவர் வைரசுகளை அழிக்கும்" என எழுதினால் புள்ளி கிடைக்காது.