தடவிப் பார்த்தால் தெரியும் ரூபாய்!

ஆடிச் சனிக்கிழமை என்றால் குச்சனூரில் கால் வைக்க இடமிருக்காது. சுரபி நதியில் குளித்துவிட்டு, சுயம்பு சனீஸ்வரருக்கு எள் தீபம் ஏற்ற வரிசை நீளும். அந்த நெரிசலில் தீபம் விற்பவர்கள் நோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? அதிலும் இருட்டிவிட்டால், மஞ்சள் 200 ரூபாயும் பச்சை கலந்த மஞ்சளில் வரும் 20 ரூபாயும் வயதான கண்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு நோட்டு மாறிப்போனால் அன்றைய லாபம் போச்சு!

முன்பெல்லாம் விரலே கணக்குச் சொல்லிவிடும். பழைய 100 ரூபாயின் நீளம் 157 மில்லிமீட்டர், 500 ரூபாய் 167. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். 2016 நவம்பர் 8-ம் தேதி பழைய 500, 1000 செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு வந்த புது வரிசையில் எல்லாமே சுருங்கிவிட்டன. இப்போது 500 ரூபாய் 150 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142. நான்கு மில்லிமீட்டரை விரலால் அளப்பது லேசா என்ன?

அதற்காகத்தான் ஓரங்களில் மேடான கோடுகள் வைத்திருக்கிறார்கள். 500-ல் ஐந்து கோடுகள். 100, 200 இரண்டிலும் நான்கு. ஆனால் 200-ல் கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்கள் இருக்கும். 100-ல் முக்கோணமும் 500-ல் வட்டமும் தடவினால் தட்டுப்படும். கசங்கிய நோட்டில் இந்த மேடு தேய்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். 10, 20, 50 ரூபாய்களில் இந்த வசதியே இல்லை. அன்றாடம் கைமாறுபவை அவைதானே! பார்வையற்றவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2020-ல் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938-ல் வந்த 5 ரூபாய். அதில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். காந்தி எல்லா நோட்டுகளிலும் நிலைபெறத் தொடங்கியது 1996 வரிசையில்தான். நமக்கும் ஒரு பெருமை உண்டு. 1954-ல் வந்த 1000 ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978-ல் அந்த நோட்டு செல்லாமல் போனது. இப்போது 10 ரூபாயில் கோனார்க், 20-ல் எல்லோரா, 50-ல் ஹம்பி. தமிழ்நாட்டுக்கு மிச்சமிருப்பது பின்பக்க மொழிப்பட்டியலில் கீழிருந்து மூன்றாவது வரி.

கிழிந்த நோட்டு வந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். 20 ரூபாய் வரை பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் வங்கியில் முழுத் தொகையும் கிடைக்கும். 50 ரூபாய்க்கும் அதற்கு மேலும் 80 சதவிகிதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 40 முதல் 80 வரை இருந்தால் பாதித் தொகை.