கொடிக்கயிறும் கலை நிகழ்ச்சியும்

சுதந்திர தினக் கலை நிகழ்ச்சி என்றாலே நம்மவர்களுக்கு ஒரு இளக்காரம். மாறுவேடப் போட்டியில் நாலு காந்தி, மூணு நேரு, ஒரு பாரதமாதா. 1959இல் வந்த சினிமாவின் வசனத்தை வரலாறு என்று நம்பி மூச்சு வாங்கப் பேசும் ஒரு குட்டிக் கட்டபொம்மன். கடைசியில் ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு மிட்டாய். தொலைக்காட்சியைப் போட்டால் காலையில் செங்கோட்டை, பத்து மணிக்குப் பட்டிமன்றம், அப்புறம் நடிகையின் பேட்டி. 'இதுல எழுத என்னங்க இருக்கு?' என்று தள்ளிவிட்டு நாம் பெரிய விஷயங்களுக்குப் போய்விடுகிறோம். தேசம் என்பது ஒரு கற்பிதம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட அந்தக் கற்பிதம் எந்த மேடையில், யாருக்கு நாற்காலி போட்டு, யாரை வெயிலில் நிறுத்தி நடத்தப்படுகிறது என்று உற்றுப் பார்த்ததில்லை.

விழாக்களைப் பற்றி யோசித்தவர்களில் மிகயில் பக்தின் முக்கியமானவர். மத்தியகால ஐரோப்பாவைப் பற்றி எழுதும்போது அவர் இரண்டு வகைக் கொண்டாட்டங்களைப் பிரிக்கிறார். ஒன்று, சந்தைவெளியில் மக்கள் நடத்துவது. அங்கே மேல் கீழாகும், கீழ் மேலாகும், ராஜாவைக் கோமாளி கேலி செய்வான், பார்ப்பவன் ஆடுபவன் என்ற பிரிவே கிடையாது. இன்னொன்று, அரசும் திருச்சபையும் நடத்தும் அதிகாரபூர்வ விழா. அங்கே ஒவ்வொருவரும் தத்தம் பதவிக்குரிய உடையில், தத்தம் வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் படிநிலையை அன்றைக்குப் பளிச்சென்று கண்ணுக்குக் காட்டுவதுதான் அந்த விழாவின் வேலை. நமது சுதந்திர தின விழா இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆனால் முதல் வகையின் ஆட்டம் பாட்டங்களைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவது. கரகமும் மயிலாட்டமும் தப்பும் அங்கே வரும். வந்து, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் குறித்த நிமிடங்களுக்கு ஆடிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல், 'தொன்மையான மரபு' என்று நாம் கும்பிடும் பல சடங்குகள் அண்மையில் தைத்து மாட்டப்பட்டவை என்று காட்டியது. அந்தத் தையலில் எந்தத் துணி சேர்ந்தது, எது வெட்டி எறியப்பட்டது என்று பார்ப்பது நம்ம வேலை.

1947 ஆகஸ்டு 14 நள்ளிரவிலேயே இது தொடங்கிவிட்டது. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லி போன குழுவில் நாகசுவரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் இருந்தார். குழு கொண்டுபோன செங்கோல் 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஏறி உட்கார்ந்ததும், அதையொட்டி ஆளாளுக்கு வரலாறு எழுதியதும் ஞாபகம் இருக்கலாம். வாசித்த நாயனம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரவில் காந்தி டெல்லியில் இல்லை, கல்கத்தாவில் கலவர பூமியில் இருந்தார். 15ஆம் தேதியைப் பட்டினியும் பிரார்த்தனையுமாகக் கழித்தார். இங்கே பெரியார் அதைத் துக்க நாள் என்றார், அண்ணா மாறுபட்டு இன்ப நாள் என்றார். இந்த வழக்கு ஒரு கட்சியின் உள்விவகாரமாகவே இன்றுவரை சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு நாளைக் கொண்டாடுவதா, கொண்டாட மறுப்பதா என்று வெளிப்படையாக விவாதித்த சமூகம் அது என்பது கவனத்திற்குரியது. பிறகு வந்த விழாக்களில் அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது.

பொன்விழாவுக்கு வருவோம். 1997 ஆகஸ்டு 14 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் சிறப்புக் கூட்டம். பீம்சேன் ஜோஷி வந்தே மாதரம் பாடினார், லதா மங்கேஷ்கர் சாரே ஜஹான் சே அச்சா பாடினார். காந்தி, நேரு, சுபாஷ் போஸ் ஆகியோரின் ஒலிப்பதிவுகள் ஒலித்தன. மூன்று வாரத்துக்கு முன்புதான், ஜூலை 25 அன்று, கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றிருந்தார். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல்முறை. அதே நேரத்தில் சோனி நிறுவனம் ஏ.ஆர். ரஹ்மானின் வந்தே மாதரம் தொகுப்பை உலகச் சந்தையில் இறக்கியது. 1991க்குப் பிறகு திறந்துவிடப்பட்ட சந்தையில் நாட்டுப்பற்றும் கேசட்டாக, குறுவட்டாக விற்பனைக்கு வந்தது. ரஹ்மானின் இசையைக் குறை சொல்ல நான் வரவில்லை, அது வேறு கட்டுரை. தேசம் என்பது இனி ஓர் உணர்ச்சி, அதைக் காசு கொடுத்து வாங்கலாம், வாங்கினால் நீயும் உள்ளே, என்ற செய்தி அந்த வருஷம்தான் நம் வீட்டுக்குள் நுழைந்தது.

மைய மண்டபத்தில் கேட்காத பாட்டு ஒன்று உண்டு. அதே வருஷம் ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரில் உள்ள ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துத் தெருவுக்கு வந்த தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். பொன்விழாவுக்கு 35 நாள் பாக்கி. நாலு நாள் கழித்து, தலித் மக்கள் பாடகரும் இடதுசாரி இயக்கங்களோடு சேர்ந்து பாடியவருமான விலாஸ் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவிலிருந்து தொடங்கி 14 வருஷம் அலைந்து ஆனந்த் பட்வர்தன் எடுத்த படம்தான் 'ஜெய் பீம் காம்ரேட்'. லதாவின் குரலும் கோக்ரேயின் குரலும் ஒரே தேசத்தின் 'பண்பாட்டு வளம்' என்று கலாச்சாரத் துறை அறிக்கை எழுதும். எழுதட்டும். ஆனால் ஒரு குரலை மண்டபத்துக்குள் வைத்ததும் இன்னொன்றைத் தெருவில் சாக விட்டதும் ஒரே கோடைக்குள் நடந்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில், மேலவளவு. மதுரை மாவட்டத்தில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியிருந்தது, தேர்தல் தள்ளிப்போனது, வாக்குச்சாவடியில் வன்முறை நடந்தது. எல்லாம் தாண்டி முருகேசன் தலைவரானார். ஆனாலும் ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போய்விட்டுப் பேருந்தில் திரும்பியவர்களை வழிமறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். மொத்தம் 6 பேர். ஆகஸ்டு 15க்கு 46 நாள் இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் பொன்விழா அன்று ஊராட்சித் தலைவர் என்ற முறையில் முருகேசன் கொடியேற்றியிருக்க வேண்டும். அவரை வெட்டியவர்களுக்கு அந்தக் காட்சி எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தது. நமக்குத்தான் கொடியேற்றம் வெறும் சடங்கு.

கொடிக்கயிற்றின் வரலாறே தனியாக எழுதப்பட வேண்டியது. 1974 வரை மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றியவர்கள் ஆளுநர்கள்தான். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று கலைஞர் கருணாநிதி டெல்லியோடு வாதாடிப் பெற்று, அந்த வருஷம் ஆகஸ்டு 15 அன்று கோட்டையில் ஏற்றினார். 'யார் ஏத்தினா என்ன, கொடி பறந்தா சரி' என்று அவர் விடவில்லை. சாதாரணக் குடிமகன் எல்லா நாளும் தன் வீட்டில் கொடியைப் பறக்கவிடலாம் என்பதே 2002 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த கொடி விதிகளுக்குப் பிறகுதான். அதற்குள் சுதந்திரத்துக்கு 54 வயது ஆகிவிட்டது. 2021 டிசம்பர் 30 அன்று விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் துணிக்கும் அனுமதி கொடுத்தார்கள். 2022 ஜூலையில் இராத்திரியும் பறக்கலாம் என்றார்கள். ஆகஸ்டு 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடி என்ற 75ஆம் ஆண்டுத் திருவிழா வந்தது. ஹூப்ளியில் கைத்தறிக் கதரில் கொடி தைத்துப் பிழைத்தவர்கள் தங்கள் தொழில் போகிறது என்று போராடினார்கள். எல்லா வீட்டுக்கும் கொடி போய்விட்டது, கம்பத்தடியில் நிற்கும் ஆள் யார் என்ற விவகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

2020 ஆகஸ்டு 15 அன்று கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியில் வந்து, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்று அவரை ஏற்றவைத்தார். ஆட்சியர் செய்தது சரி. ஆனால் ஊர்க்கம்பத்தில் கயிறு இழுக்க ஆட்சியரும் காவல்துறையும் கூட நிற்க வேண்டுமென்றால் அன்று ஏறியது எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில், தலித் ஊராட்சித் தலைவர்கள் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 75 வருஷத்துக்கு அப்புறமும் அப்படியொரு சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்கிறது என்பதைவிடச் சுருக்கமாக இந்த விழாவை யாரும் விமர்சித்துவிட முடியாது.

அறநிலையத்துறைக் கோயில்களில் அன்றைக்கு நடக்கும் பொது விருந்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். முன்பெல்லாம் சமபந்தி போஜனம் என்பார்கள். அமைச்சர் ஒரு இலையில், பக்கத்து இலையில் ஊர்க்காரர், நடுவில் புகைப்படக்காரர். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வருஷத்தில் ஒருநாள் நடத்திக்காட்ட வேண்டிய ஒரு 'நிகழ்ச்சி'யாக இருக்கிறது. மீதி 364 நாள் எப்படி என்று அந்த இலையே சொல்லிவிடுகிறது. இருந்தும் இதை நான் கேலி செய்ய மாட்டேன். பந்தியில் உட்காருவதற்கே அடி வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதே நாள் கிராம சபையும் கூடுகிறது. நம் நண்பர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லலாம், தண்ணீர்க் குழாய் ஏன் காலனிப் பக்கம் வரவில்லை என்று கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். பக்தின் சொன்ன சந்தைவெளிக்கு இந்த நாளில் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருவது இந்தக் கூட்டம்தான், கலை நிகழ்ச்சி அல்ல. கேள்வி கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே தரையில் உட்கார வேண்டும். அதனாலேயோ என்னவோ, பல ஊர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரைமணி நேரத்தில் கலைத்துவிடுகிறார்கள். மேடைக்குக் கூப்பிடப்படும் நமது நாடகக்காரர்களும் பாடகர்களும் கவிஞர்களும் அந்த அரைமணி நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவைக்கலாம்.

ஆண்டுவிழாக்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, மன்னிப்பது. மேலவளவு வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 3 பேரும், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019 நவம்பரில் 13 பேரும் விடுதலை செய்யப்பட்டார்கள். 2022 ஆகஸ்டு 15 அன்று, செங்கோட்டையில் பெண்களின் மரியாதை பற்றிப் பேசப்பட்ட அதே நாளில், பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் கோத்ரா சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மாலையும் இனிப்பும் வரவேற்றன. அது 75ஆம் ஆண்டுக்கான சிறப்புத் தள்ளுபடி கிடையாது, குஜராத்தின் 1992ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். உண்மைதான். தேதியைத் தேர்ந்தெடுக்க வேறு 364 நாள் இருந்தது என்பதும் உண்மை. 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

மேலவளவில் வெட்டப்பட்டவர்களின் நினைவிடத்துக்கு 'விடுதலைக் களம்' என்று பெயர். ஜூன் 30 தோறும் அங்கே கூடுகிறார்கள்.