புட்டியின் பின்புறத்தில் ஒரு கணக்கு

கடைகளில் அடுக்கப்பட்டுள்ள குளிர்பானப் புட்டிகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. முன்புறத்தில் பழங்களின் வண்ணப் படமும் பெரிய எழுத்தில் பானத்தின் பெயரும் பளிச்சிடும். பின்புறத்தில் எள் போன்ற சிறிய எழுத்துகளில் ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். முன்புறம் வாங்கத் தூண்டுகிறது. வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதைப் பின்புறம் அறிவிக்கிறது. பின்புறத்தைப் படிப்போர் சிலரே. ஆயினும், உடல்நலம் பற்றிய செய்தி அங்குதான் உள்ளது.

அட்டவணை கூறுவது

இந்தியாவில் உணவுப் பொருள்களின் விவரச்சீட்டில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டு அவ்வாணையம் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஆற்றல், புரதம், கொழுப்பு, சோடியம் முதலியவற்றோடு ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ ஆகிய இரண்டும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. பாலிலும் பழத்திலும் இயல்பாகவே சர்க்கரை உண்டு. தயாரிப்பின்போது கலக்கப்படும் சர்க்கரையே சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகும். மொத்தச் சர்க்கரை என்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகை.

அட்டவணைக்கு அருகே மூலப்பொருள்களின் பட்டியலும் இருக்கும். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலுமாக அவை வரிசைப்படுத்தப்படும். எனவே, நீருக்கு அடுத்தபடியாகவே சர்க்கரை இடம்பெற்றிருந்தால் அப்பானத்தின் தன்மையை எளிதில் உணரலாம். சுக்ரோஸ், குளுக்கோஸ், பிரக்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டாலும் அவை அனைத்தும் சர்க்கரையின் வகைகளே.

ஒரு சிறு கணக்கு

ஒரு பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அப்பானம் 300 மில்லிலிட்டர் அடங்கிய புட்டியில் விற்கப்பட்டால், அதிலுள்ள சர்க்கரை 33 கிராம். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை கொள்ளும். ஆகவே, அப்புட்டியைக் குடித்து முடிப்பவர் எட்டுத் தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சர்க்கரையை உட்கொள்கிறார். ஒரு குவளைத் தேநீரில் எட்டுக் கரண்டி சர்க்கரையிட எவரும் துணியமாட்டார். குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்து இனிப்பின் கடுமையை மறைத்துவிடுவதால், குளிர்பானத்தில் அது தெரிவதில்லை.

உட்கொள்ளும் ஆற்றலில், சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு முதலியவற்றிலுள்ள சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது 50 கிராம் ஆகும். சிறுவர்க்கு ஆற்றல் தேவை குறைவாதலால் இவ்வெல்லை மேலும் சுருங்கும். வெல்லத்திற்கும் இதில் விலக்கு இல்லை. பானகத்தில் கரைத்த வெல்லமும் சர்க்கரைக் கணக்கில் சேர்வதே.

அட்டவணையில் ‘ஒரு பரிமாறல்’ என்னும் அளவையும் கவனித்தல் வேண்டும். 600 மில்லிலிட்டர் புட்டியில் ஒரு பரிமாறல் 200 மில்லிலிட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின், அங்குக் காணப்படும் சர்க்கரையின் அளவு புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உரியது. முழுவதும் குடிப்பவர் அதனை மூன்றால் பெருக்கிக் கொள்ள வேண்டும்.

சிலி நாட்டின் கறுப்பு முத்திரை

இவ்வளவு கணக்கையும் கடைமுன் நின்று செய்பவர் யார்? இந்த வினாவிற்குத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாடு ஒரு விடை கண்டது. அங்கு 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உணவு விவரச்சீட்டுச் சட்டம், 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. வரையறுத்த அளவுக்கு மேல் சர்க்கரை சேர்க்கப்பட்ட பானத்தின் முன்புறத்தில் கறுப்பு நிற எண்கோண முத்திரை இடம்பெற வேண்டும். அதில் ‘சர்க்கரை மிகுதி’ என்னும் பொருள்தரும் சொற்கள் இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் பானங்களுக்கு 100 மில்லிலிட்டருக்கு 6 கிராம் என்றிருந்த எல்லை, 2018ஆம் ஆண்டு 5 கிராமாகக் குறைக்கப்பட்டது. முத்திரை பெற்ற பொருள்களைப் பள்ளிகளில் விற்பதும், சிறுவரைக் கவரும் வகையில் விளம்பரம் செய்வதும் தடுக்கப்பட்டன.

இதனால் விளைந்த பயன் ஆராயப்பட்டது. முத்திரைக்குரிய பானங்களைக் குடும்பங்கள் வாங்கும் அளவு, பழைய போக்கே தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தயாரிப்பாளர் பலர் முத்திரையைத் தவிர்க்கத் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்தனர். இதனால், விவரச்சீட்டைப் படிக்காதவரும் பயனடைந்தனர். பெரு, மெக்சிகோ, உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளும் எண்கோண முத்திரையைப் பின்னர் ஏற்றுக்கொண்டன.

எனினும், இந்த மாற்றம் முழுவதையும் முத்திரையின் பயனென்றே கொள்ளல் ஆகாது. விளம்பரத் தடையும் பள்ளி விற்பனைத் தடையும் உடன் செயற்பட்டன. மேலும், சர்க்கரையைக் குறைத்த பானங்கள் பலவற்றில் செயற்கை இனிப்பூட்டிகள் புகுந்தன. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயில் திறப்பதையும் சட்டம் கருத வேண்டியுள்ளது.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு, பொருளின் முன்புறத்தில் அரை முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் இடும் முறைக்கு வரைவு வெளியிடப்பட்டது. நட்சத்திரம் மிகுந்தால் பொருள் நன்று என்பது அதன் கருத்து. ஒரு பொருளிலுள்ள நன்மையையும் தீமையையும் கூட்டிக்கழித்து ஒரே மதிப்பாகத் தந்தால், மிகுதியான சர்க்கரை கண்ணுக்குப் புலப்படாது போகலாம் என்று எதிர்ப்பாளர் வாதிட்டனர். எச்சரிக்கும் முத்திரையே தெளிவானது என்பது அவர்தம் கருத்து.

பள்ளிகளைப் பொறுத்தவரை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை ஆகியன மிகுந்த உணவுகளைப் பள்ளி உணவகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்பதைத் தடை செய்கின்றன. 2025ஆம் ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன்னோடு இணைந்த பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ அமைக்குமாறு பணித்தது. எவ்வளவு சர்க்கரை உண்ணலாம், நாள்தோறும் உண்ணும் பொருள்களில் எவ்வளவு உள்ளது என்பன அப்பலகையில் எழுதப்படும்.

எவருக்கும் விளங்கும் குறி

விவரச்சீட்டிலுள்ள கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயம் இல்லை. தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்த அட்டவணை வெறும் கோடுகளாகவே தோன்றும். நீரிழிவு உடையவர் அவராகவே இருக்கலாம். அதே பாட்டி, சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியைத் தடுமாற்றமின்றி அடையாளம் காண்கிறார். ஏனெனில், அது மொழியைச் சார்ந்தது அன்று. எச்சரிக்கைக் குறியை வேண்டுவோர் கேட்பதும் இத்தகைய எளிமையையே.

அத்தகைய குறி வரும்வரை, அவ்வீட்டில் பல மொழி பயிலும் சிறுவரே விவரச்சீட்டின் மொழிபெயர்ப்பாளர். புட்டியைத் திருப்பி, எண்ணைப் படித்து, ‘பாட்டி, இதில் எட்டுக் கரண்டி சர்க்கரை இருக்கிறது’ என்று தமிழில் கூறுவதற்கு அரை நிமிடமே போதும். வாங்குவதா வேண்டாவா என்பதை அதன்பின் பாட்டி அறிந்து முடிவு செய்வார்.

சொற்பொருள்
விவரச்சீட்டு – பொருளின் மீது அச்சிடப்பட்ட செய்தி, லேபிள்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்
வரைவு – இறுதி செய்யப்படாத முதல் வடிவம்
எண்கோணம் – எட்டுப் பக்கங்கள் கொண்ட வடிவம்

பயிற்சி
1. மொத்தச் சர்க்கரைக்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரு பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை உள்ளது. 400 மில்லிலிட்டர் புட்டியில் எத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும்?
3. விவரச்சீட்டைப் படிக்காதவரும் சிலி நாட்டுச் சட்டத்தால் எவ்வாறு பயனடைந்தனர்?
4. வீட்டிலுள்ள ஒரு பானத்தின் விவரச்சீட்டைப் படித்து, அதிலுள்ள செய்தியைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.