பாரதக் கூத்தில் அறத்தின் ஐயப்பாடு

தோற்றுவாய்

கற்பனை உலகு ஒன்றைப் படைத்து, அதனுள் மாந்தர் சிலர் வேடம் பூண்டு புகுந்து, அவ்வுலகின் நிகழ்ச்சிகளைத் தம் செயலாகவே ஏற்று நடத்துவது மிகப் பழைய கலை. அக்கலை அண்மைக் காலத்தில் மேனாடுகளில் ஒரு புதுவகை விளையாட்டாக உருக்கொண்டது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அதனை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை மேற்கொண்டு, அவ்வேடத்தின் சொல்லையும் செயலையும் தாமே முடிவு செய்வர். செயலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். இவ்விளையாட்டில் ஒவ்வொரு வேடத்திற்கும் தொடக்கத்திலேயே ஒரு நெறிச்சார்பு குறிக்கப்படும். முதலில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மூன்றாக இருந்த அப்பாகுபாடு, நன்மை தீமைகளோடு உறழ்ந்து பின்னர் ஒன்பதாக விரிந்தது. இன்னார் நல்லர், இன்னார் தீயர் என்பது ஆடுமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

அவ்வாறு எழுதப்பட்ட உலகம் நெடுநாள் சுவை தாராது. தீயோனை வெல்வது பற்றி எண்ண வேண்டியது யாதும் இல்லாதபோது, வேடம் பூண்டவன் கையில் படைக்கலம் மட்டுமே எஞ்சுகிறது. ஆதலின், கற்பனை உலகில் அறத்தின் ஐயப்பாட்டை எவ்வாறு புகுத்துவது என்னும் வினா அவ்விளையாட்டினரிடையே எழுந்துள்ளது. இவ்வினாவிற்குத் தொண்டை மண்டலத்தின் பாரதக் கூத்து நெடுங்காலமாக விடை கூறி வருகிறது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறம் வெல்லும், மறம் தோற்கும் என்னும் எளிய நீதியைப் பாமரர்க்குப் புகட்டுவதே இக்கூத்து என்று நம்மவர் பலரும் கூறிவருதலின், அவ்வாராய்ச்சி நமக்கும் வேண்டுவதாகின்றது.

களமும் விழாவும்

தமிழகத்தில் பாரதம் பொதுமக்கள் முன் படிக்கப்பட்டு வந்தமைக்குப் பழஞ்சான்று உண்டு. காஞ்சிக்கு அணித்தாய கூரத்தில் பாரதம் படிப்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்ட செய்தியை, 7-ஆம் நூற்றாண்டினனாகிய முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கூறுகிறது. அம்மரபு இன்றும் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தருமராசா கோயில்களிலும் நின்று நிலவுகிறது. 1997-இல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய திருவள்ளூரில், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் அம்மரபுக்கு உரியவை. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பகுதியிலும் தருமராசா கோயில் விழாக்கள் நிகழ்கின்றன. கூத்து ஆங்குத் தெலுங்கில் வீதி நாடகம் எனப் பெயர் பெறும்.

பங்குனி முதல் ஆடி வரையுள்ள திங்கள்கள் விழாக் காலம். காப்புக் கட்டிய பின்னர்ப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாள் நிகழும். பிரசங்கியார்க்கு நூல் வில்லிபாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் ஆகும். இறுதி நாட் காலையில் படுகளமும் மாலையில் தீமிதியும் நடைபெறும். ஊரார் இவ்விழாவில் காண்போராக மட்டும் அமைவதில்லை. காப்புக் கட்டி நோன்பு நோற்று, படுகளத்தில் நின்று, தீயில் இறங்கி, அவர்களும் கதையினுள் ஒரு பங்கை மேற்கொள்கின்றனர். இந்நிலையில் வைத்தே கூத்தின் அறநோக்கை அளத்தல் வேண்டும்.

வேடத்தின் பொதுமை

கூத்தின் முதல் உத்தி வேடத்திலேயே அமைந்துள்ளது. கிரீடம், புயக்கட்டை, மார்ப்பதக்கம் முதலாய மரக்கட்டை அணிகளைப் பூணும் வேடங்கள் கட்டை வேடங்கள் எனப்படும். அரசரும் பெருவீரரும் அவற்றிற்கு உரியர். துரியோதனனுக்கும் கட்டை உண்டு. கன்னனுக்கும் அருச்சுனனுக்கும் உண்டு. முகத்தில் எழுதும் வண்ணம் ஆளுக்கு ஆள் வேறுபடுமாயினும், அணிகலன் பெருமையைக் குறிக்குமே அன்றிப் பக்கத்தைக் குறிப்பதில்லை. காண்போன் ஒப்பனையைப் பார்த்து இவன் வெறுக்கத்தக்கவன் என முடிவு செய்தல் இயலாது. அவன் பேசும்வரை காத்திருத்தல் வேண்டும்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கூத்தினை இவ்விரண்டாகப் பகுத்துக் காட்டுமிடத்து, வசைக்கூத்து, புகழ்க்கூத்து என்பதனையும் ஓர் இணையாகக் கூறுவர். பாரதக் கூத்தை இவ்விரண்டனுள் ஒன்றில் அடக்குதல் அரிது. ஒரே மாந்தனிடத்து ஒரே இரவில் வசையும் புகழும் மாறி மாறி நிற்றலே அதன் இயல்பு.

தன் வாயால் தன் வழக்கு

இரண்டாவது உத்தி திரைப் பிரவேசத்தில் உள்ளது. முதன்மை வேடத்தான் வருங்கால் இருவர் திரையைப் பிடிக்க, அவன் அதன் பின்னின்று பாடுவான். பின்னர் வெளிப்பட்டு ஆடித் தன் குலமும் பெருமையும் கூறுவான். கட்டியங்காரன் அவனை வினவுவான், இடையிடையே நகையாடுவான். துரியோதனனும் இம்முறைக்கு விலக்கல்லன். தன் உரிமை யாது, தனக்கு நேர்ந்த இழிவு யாது, தான் சினங்கொள்வது எதனால் என்பவற்றை அவன் ஊரார் முன் தன் வாயாலேயே எடுத்துரைக்கிறான். அவன் கூறுவதை ஊர் ஏற்க வேண்டுவதில்லை. ஆயின் கேட்டே ஆக வேண்டும். பகைவனுக்கும் தன் வழக்கை உரைக்கும் உரிமையை அளித்துவிட்ட பின், அவனை வெறும் அரக்கனாகக் கருதுதல் எளிதன்று. கட்டியங்காரன் நகையோ இரு பக்கத்தாரையும் தீண்டும். பாண்டவரும் அவன் வாய்க்குத் தப்புவதில்லை.

அறத்தோடு அறம் பொருதல்

இவற்றினும் ஆழமானது மூன்றாவது உத்தி. நன்மைக்கும் தீமைக்கும் நிகழும் போரினும், ஒரு நன்மைக்கும் மற்றொரு நன்மைக்கும் நிகழும் போரே ஐயத்தை விளைப்பது. இதனை அரவான் களப்பலிக் கதை நன்கு காட்டும். இக்கதை 9-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இடம்பெற்றுள்ளது. போரில் வெல்வதற்குக் களப்பலி இடும் நாளைத் துரியோதனன் பகைவனாகிய சகாதேவனிடமே சென்று வினவுகிறான். அவனும் மறையாது உரைக்கிறான். கணித்தவன் பொய் கூறலாகாது என்பது ஓர் அறம். உடன்பிறந்தார்க்குக் கேடு சூழலாகாது என்பது மற்றோர் அறம். முன்னதைக் காத்தவன் பின்னதைக் கைவிட்டான். அதன் விளைவை மாற்றக் கண்ணன் அமாவாசையையே முன்னாளில் வருவித்து, அருச்சுனன் மகன் அரவானைப் பாண்டவர்க்கெனப் பலியாக்குகிறான். இங்குப் பொய்த்தவன் யார், மெய்யன் யார் என்னும் வினாவிற்கு ஒருமொழி விடை இல்லை. பகைவன் வாய்மையை நம்பி வந்தான். தெய்வம் சூழ்ச்சி செய்தது. மகன் தந்தையின் பக்கம் வெல்லத் தலையை ஈந்தான்.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கர்ண மோட்சம் இவ்வுத்தியை மேலும் நுட்பமாகக் கையாள்கிறது. இறுதிப் போருக்குப் புறப்படுமுன் கன்னன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறச் செல்கிறான். அவள் அவனைத் தேரோட்டி மகன் என இகழ்கிறாள். நெடுநேரம் நிகழும் அவ்வாதத்தின் முடிவில், தான் குந்தியின் மகன் என்னும் உண்மையை அவன் வெளியிடுகிறான். அவளது இகழ்ச்சி அப்போது துயரமாக மாறுகிறது; அவன் தன் தம்பியரோடு பொரச் செல்கிறான் என்பதை அவள் உணர்ந்த நொடியே அவன் பிரியும் நொடியாகிறது. நட்பின் கடன் ஒருபால், உடன்பிறப்பின் கடன் ஒருபால். இரண்டையும் ஒருங்கே காத்தல் இயலாது. போரில் அவன் வீழ்ந்து கிடக்கையில் கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த அறப்பயன் அனைத்தையும் இரந்து பெறுகிறான். அவ்வறம் உள்ளளவும் அவன் உயிர் நீங்காது என்பதே இரத்தலின் காரணம். கொடுப்பவன் அறத்தின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறான். இரப்பவன் அறத்தின் காவலன். இதனைக் கண்ட ஊரார் கண்ணீர் விடுவது கன்னனுக்காக. மறுநாள் அவர்கள் வணங்குவது பாண்டவரை. இவ்விரண்டிற்கும் முரண் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை. இந்நாடகத்தை ஹன்னா டி புருயின் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்தது 1998-இல் புதுச்சேரியில் வெளிவந்தது.

வெற்றியின் விலை

நான்காவது உத்தி படுகளத்தில் வெளிப்படுகிறது. திறந்த வெளியில் துரியோதனன் உருவம் மண்ணால் மிகப் பெரிதாக அமைக்கப்பட்டு மல்லாந்து கிடக்கும். வீமன் வேடத்தான் அதன் தொடையில் அடிப்பான். தண்டுப்போரில் இடைக்குக் கீழ் அடித்தல் முறையன்று என்பதைப் பிரசங்கத்தில் கேட்டவரே அவ்வடியைக் காண நிற்கின்றனர். செந்நீர் வழிய, திரௌபதி தன் கூந்தலை முடிக்கிறாள். சூள் நிறைவேறிற்று, கதை முடிந்ததென்றே சொல்லலாம். ஆனால் கூத்து அங்கு முடிவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து புலம்பும் வழக்கம் உண்டு. சில ஊர்களில் காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பதுண்டு. அவ்வொப்பாரி ஊர்ப் பெண்டிர் தம் இறந்தார்க்கு வைக்கும் ஒப்பாரியினின்று வேறுபட்டதன்று. சில ஊர்களில் மக்கள் அவ்வுருவத்தின் மண்ணை ஒரு பிடி எடுத்துத் தம் இல்லத்திற்கும் நிலத்திற்கும் கொண்டு செல்வர். அது வளம் தரும் என்பது நம்பிக்கை. தோற்றவன் மண்ணே வென்றவர்க்கு வளமாகின்றது. வில்லிபுத்தூராரும் தம் பாரதத்தைப் பத்தாவதாகிய சௌப்திக பருவத்தோடு நிறுத்தினர். பாண்டவர்தம் இளஞ்சிறார் ஐவரும் துயிலில் கொல்லப்பட்ட செய்தி அப்பருவத்ததே ஆகும். முடிசூட்டு விழாவின் முழு மகிழ்ச்சியைத் தமிழ்ப் பாரத மரபு முதன்மையாக்கவில்லை என்க.

ஐயமும் அறமின்மையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். எல்லார்க்கும் ஒரு நியாயம் உண்டெனின், எல்லாச் செயலும் ஒப்பாகிவிடாதோ? அற ஐயப்பாடு என்ற பெயரால் நல்லோரை இழித்தும் தீயோரை உயர்த்தியும் எழுதும் கதைகள் இவ்விடரில் வீழ்வனவே. கூத்து வீழ்வதில்லை. துகிலுரிதல் ஆடும் இரவைக் காண்க. துச்சாதனன் வேடம் பூண்டவன் சீலையைத் தொடுமுன், இது தொழிலின்பொருட்டே என்று கூறி, அம்மனை வேண்டிப் பிழை பொறுக்க இரப்பான். கற்பூரம் ஏற்றி வழிபடுதலும் உண்டு. அச்செயலுக்குச் செய்பவன் தரப்பு நியாயம் எதுவும் கூறப்படுவதில்லை. ஆயினும் அவ்விரவிலும் ஐயம் வேறோரிடத்தில் எழுகின்றது. தன்னைத் தோற்ற பின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை யாது என்று திரௌபதி வினவுகிறாள். அவ்வினா பகைவரை நோக்கியது மட்டுமன்று, தருமனையும் நோக்கியது, விடை கூறாதிருந்த வீட்டுமனையும் துரோணனையும் நோக்கியது. தருமராசா கோயிலின் முன்னே, அத்தருமனின் பிழை ஊரறியக் கேட்கப்படுகிறது.

ஆதலின், கூத்து ஐயுறுவது செயலின் தீமையை அன்று. மாந்தரை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்னும் துணிபையே அது ஐயுறுகிறது. ஐயுறவே கூடாத ஒரு கொடுமையை நடுவில் நிறுத்தியிருப்பதனாலேயே ஏனைய இடங்களில் ஐயத்திற்கு இடங்கொடுக்க அதனால் முடிகிறது. கற்பனை உலகு படைப்போர் இதனினின்று கொள்ளத்தக்கது பெரிது.

இரவின் அளவு

இம்முடிபுகள் ஏட்டினின்று மட்டும் பெறப்படுவன அல்ல. இரவு முழுதும் ஆடப்படும் கூத்தினின்று பெறப்படுவன. ஆண்டே இன்று இடர் உள்ளது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகமும் அதனைச் சூழ்ந்த ஆலைகளும் மக்களின் இரவைச் சிப்டு முறையால் பகுத்துவிட்டன. காலைச் சிப்டுக்குச் செல்வோன் விடியும்வரை களத்தில் அமர்தல் அரிது. இரவுச் சிப்டினன் கூத்துக்கே வர இயலாது. எட்டு மணி நேரக் கூத்தை மூன்று மணியில் முடிக்க வேண்டுங்கால் எதனைக் குறைப்பது? போரைக் குறைக்க இயலாது; கதை அறுந்துவிடும். நகையைக் குறைத்தால் களம் கலையும். எனவே பொன்னுருவியின் வாதம், துரியோதனன் திரையில் கூறும் நெடுமொழி, சல்லியனுக்கும் கன்னனுக்கும் தேர்த்தட்டில் நிகழும் சொற்போர், பெருந்திருவாள் புலம்பல் ஆகியவையே குறைக்க எளியனவாகத் தோன்றும். நாம் மேலே கண்ட நான்கு உத்திகளும் அப்பகுதிகளிலேயே உள்ளன. அவை நீங்கின் எஞ்சுவது, நல்லோர் வென்றனர், தீயோர் வீழ்ந்தனர் என்னும் கதையே. பாமரர் கலை எளிய நீதி கூறுவது என்று நாம் சொல்லிவந்த பொய், அதன்பின் மெய்யாகிவிடும்.

முடிபு

ரிச்சர்டு பிராசுகா 1990-இலும், ஆல்பு இல்டபெய்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளிலும் வெளியிட்ட நூல்கள் இக்கூத்தையும் திரௌபதி வழிபாட்டையும் உலக அறிஞர்க்கு அறிமுகம் செய்தன. அந்நூல்களின் களம் பெரும்பாலும் தெற்கே அமைந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லைக் கூத்துப் பாடங்களை, முழு இரவின் அளவோடும் கட்டியங்காரன் வினாவோடும் ஒலிப்பதிவு செய்து, ஊர்தோறும் ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் வேண்டும். சுருக்கி ஆடும் இரவுகளையும் அவ்வாறே பதிவு செய்து, எப்பகுதி எவ்வூரில் நீங்கிற்று என்பதைக் குறித்தலும் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு விழாக் காலத்தில் தொடங்கத்தக்க பணி இது. அவ்வாசிரியர்கள் களத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குதல் நலம்.