நாடு பிரிந்தது, சபைகள் சேர்ந்தன!

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. நாடெங்கும் சுதந்திரக் கொண்டாட்டம். ஆனால் மூலக்குளத்துக்காரர்கள் அன்று இந்தியாவில் இல்லை! வில்லியனூருக்குப் போகும் சாலையில் இருக்கும் மூலக்குளமும் சரி, புதுச்சேரி நகரமும் சரி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தன.

வடக்கே பஞ்சாபிலும் வங்காளத்திலும் எல்லைக்கோடு கீறினார்கள். ரத்த ஆறு ஓடியது. லட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வீடு வாசலை விட்டுப் புறப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நாற்பத்து மூன்றே நாட்கள். செப்டம்பர் 27-ந் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பெருங்கூட்டம் கூடியது. அங்கே நடந்தது நேர்மாறான காரியம். பல தலைமுறைகளாகத் தனித்தனியே நின்ற கிறிஸ்தவ சபைகள் ஒரே சபையாகச் சேர்ந்தன.

அந்தச் சபைதான் தென்னிந்தியத் திருச்சபை. ஊருக்கு ஊர் "சி.எஸ்.ஐ. பள்ளி", "சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி" என்று பலகை பார்க்கிறோமே, அந்த சி.எஸ்.ஐ. அன்று பிறந்ததுதான்.

எத்தனை மிஷன்!

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர்தான். எல்லோருக்கும் தலைவர் ரோமாபுரியில் இருக்கும் போப்பாண்டவர். புராட்டஸ்டண்டுகள் கதை அப்படி அல்ல. வெள்ளைக்காரர்கள் நாட்டுக்கு ஒரு மிஷனாக வந்தார்கள். "இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு" என்று தமிழ்நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு ஊழியம் செய்தார்கள்.

திருநெல்வேலியில் இங்கிலாந்துச் சபை. நாகர்கோவிலில் லண்டன் மிஷன். மதுரையில் ஒரு அமெரிக்க மிஷன். வேலூர், ஆர்க்காட்டுப் பக்கம் வேறொரு அமெரிக்க மிஷன். சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் மெதடிஸ்டுகள். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன்.

நாங்குநேரிப் பக்கத்து விவசாயி ஆங்கிலிக்கன் ஆனதும், மதுரைப் பக்கத்து விவசாயி காங்கிரிகேஷனல் ஆனதும் எப்படி? நூல்களைப் படித்து ஆராய்ந்தா? இல்லை. எந்த மிஷன் அந்த ஊருக்கு வந்ததோ, அதுவே அவர்கள் சபை. அவ்வளவுதான்!

ஆனால் மதுரைக்காரர் வேலை தேடி திருநெல்வேலிக்குப் போனால் சிக்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகலாம், பாட்டுப் பாடலாம். திருவிருந்து நேரத்தில் விதி குறுக்கே வந்து நிற்கும். பிஷப் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுத்திராவிட்டால் அப்பமும் ரசமும் கிடையாது. வேதம் ஒன்று, தெய்வம் ஒன்று, பந்தி மட்டும் வேறு.

நாட்டாமையா, பஞ்சாயத்தா?

சண்டையின் வேர் என்ன? சபையில் அதிகாரம் யாரிடம் என்பதுதான். நம் ஊர் வழக்கப்படியே சொல்லலாம்.

ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் நாட்டாமை மாதிரி. இயேசுவின் சீடர்கள் காலத்திலிருந்து கை மாறி வந்த பட்டம் தம்முடையது என்பார். அவர் கை வைத்தால்தான் ஒருவர் குரு ஆகலாம். பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர்கள் கூடிய பஞ்சாயத்து முடிவு செய்யும். காங்கிரிகேஷனல் சபையில் ஊர்க் கூட்டமே தன் போதகரைத் தேர்ந்தெடுக்கும். மெதடிஸ்டுகளுக்கு வருடாந்தர மாநாடு.

இதற்காக ஐரோப்பாவில் சிறை உண்டு, யுத்தம் உண்டு. அந்தப் பழைய வழக்குகளை எல்லாம் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்!

வெள்ளாளன்விளைப் பையன்

இதைக் கண்டு மனம் நொந்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தவர். தந்தை அந்த ஊர்க் குருவானவர்.

இளைஞரான அசரியாவுக்கு ஒரு ரோஷம். நம் மக்களுக்கு நாமே ஊழியம் செய்ய வேண்டும், நம் காசில் செய்ய வேண்டும் என்பதே அது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905-ல் தேசிய மிஷனெரி சங்கம். அது வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நாட்டை உலுக்கிய ஆண்டு. அந்தக் காற்று கோவிலுக்குள்ளும் வீசியது.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அசரியா மேடை ஏறினார். வயது 35. எதிரே வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபை. நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களைச் சமமாக நடத்தும் சிநேகத்தைக் கொடுக்கவில்லையே என்ற பொருளில் பேசினார். சிலருக்கு முகம் சிவந்தது. பேச்சோ நிலைத்துவிட்டது.

1912-ம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்கு பிஷப் பட்டம் கிடைத்தது. ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர் அவரே. ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், ஏழை எளிய தெலுங்கு மக்கள் நடுவே பாடுபட்டார்.

தரங்கம்பாடியில் 33 பேர்

புதுச்சேரியிலிருந்து காரைக்கால் பஸ்ஸில் ஏறினால் வழியில் தரங்கம்பாடி வரும். நம் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் இருந்ததுபோல் அந்த ஊர் 1845 வரை டென்மார்க்குக்காரரிடம் இருந்தது. 1706-ல் சீகன்பால்கு கப்பலை விட்டு இறங்கியது அங்கேதான். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அங்கேதான்.

1919-ம் ஆண்டு மே மாதம் 1, 2 தேதிகளில் 33 போதகர்கள் அங்கே கூடினார்கள். இரண்டே பேர் வெள்ளையர். ஒருவர் அமெரிக்கரான ஷெர்வுட் எடி. மற்றவர் இங்கிலாந்துக்காரரான போப்லி. இந்திய இசை பற்றி நூல் எழுதியவர். மற்ற 31 பேரும் இந்தியர். அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு ஐயரும் முன்னால் நின்றார்கள். காங்கிரிகேஷனல்களும் பிரஸ்பிட்டேரியன்களும் 1908-லேயே இணைந்து உண்டாக்கியதே அந்த ஐக்கிய சபை.

தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கில் ஜெனரல் டயர் சுட்டுத் தள்ளினான். அதிலிருந்து பதினெட்டாம் நாள் இந்தக் கூட்டம். முதல் உலக யுத்தம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று கொன்று குவித்ததை உலகம் பார்த்தது. தமிழ்நாட்டில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரிகளையும் யுத்தத்தின்போது ஆங்கிலேய அரசு வெளியேற்றிவிட்டது. கைவிடப்பட்ட லுத்தரன் மக்கள் 1919 ஜனவரியில்தான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக எழுந்து நின்றார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் 33 பேரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எங்களைப் பிரித்து வைக்கும் இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து வந்து எங்கள் மேல் ஏறியவை என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் ஆட்சியை நாடு எதிர்த்துக்கொண்டிருந்த வேளையில், அவன் பழைய சபைச் சண்டையும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள்.

சும்மா எதிர்ப்பு மட்டும் அல்ல. வழியும் சொன்னார்கள். பிஷப்பும் இருக்கட்டும், மூப்பர் சபையும் இருக்கட்டும், ஊர்க் கூட்டத்தின் உரிமையும் இருக்கட்டும். மூன்றுக்கும் ஒரே சபையில் இடம் கொடுப்போம் என்றார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா?

28 ஆண்டு இழுபறி

பேச்சு 1920-ல் தொடங்கியது. 1925-ல் பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். 1929-ல் திட்டம் அச்சாகி வெளிவந்தது. பிறகு திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம்.

முடிச்சு ஒன்றே ஒன்றுதான். பிஷப் கை வைக்காமலே பட்டம் பெற்ற போதகர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு மறுபடியும் பட்டம் கொடுப்பதா? கொடுத்தால், முப்பது வருஷம் அவர் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் செல்லாது என்று சொன்னதுபோல் ஆகாதா? எந்த மானமுள்ள மனிதர் சம்மதிப்பார்? கொடுக்காவிட்டால், ஆங்கிலிக்கன்களுக்கு மனசாட்சி குத்தும்.

கடைசியில் கிடைத்த தீர்வு இது. இப்போது இருக்கிற போதகர் எல்லோரையும் அப்படியே ஏற்றுக்கொள்வது. இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு பிஷப்பும் குருமாரும் சேர்ந்து கை வைப்பது. மனசுக்கு ஒவ்வாத போதகரையோ வழிபாட்டையோ எந்தச் சபையின் மேலும் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் உண்டு. பொறுமையாகக் காத்திருந்தால் தலைமுறை மாறும்போது முடிச்சு தானே அவிழும் என்று நம்பினார்கள். என்னைக் கேட்டால், அந்த 28 ஆண்டில் எழுந்த யோசனைகளிலேயே இதுதான் கெட்டிக்கார யோசனை.

இங்கிலாந்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. புகழ்பெற்ற கவிஞர் டி. எஸ். எலியட் 1943-ல் தனிப் பிரசுரமே எழுதி இத்திட்டத்தைக் கண்டித்தார்! இவர்தான் 1948-ல் நோபல் பரிசு பெற்றவர்.

அதே காலத்தில் ஜெர்மனியில் சபைகளுக்கு வேறு சோதனை. ஹிட்லர் ஆட்சி சபையையும் தன் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தது. 1934 மே மாதம் பார்மன் நகரில் போதகர்களும் விசுவாசிகளும் கூடி, சபை செவி கொடுக்க வேண்டியது கிறிஸ்து ஒருவருக்கே என்று அறிக்கை விட்டார்கள். அதை வரைந்தவர்களில் முக்கியமானவர் வேத அறிஞர் கார்ல் பார்த். மறு ஆண்டே அவர் பேராசிரியர் வேலையை இழந்தார். பார்மன்காரர்கள் சொந்த நாட்டு அரசை எதிர்த்து நின்றார்கள். தரங்கம்பாடிக்காரர்கள் அந்நிய நாட்டுப் பாரத்தை இறக்கி வைத்தார்கள்.

அசரியா பார்க்கவில்லை

1945-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். கால் நூற்றாண்டு பாடுபட்ட மனிதர், பலனைப் பார்க்கவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று பிஷப் சி. கே. ஜேக்கப் இணைப்புப் பிரகடனத்தை வாசித்தார். புதிதாக ஒன்பது பேர் பிஷப் ஆனார்கள். அவர்களில் மதுரை-ராமநாதபுரத்துக்கு வந்தவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. அவரோ ஸ்காட்லாந்துச் சபைக்காரர். அதுவரை பிஷப்பே இல்லாத சபையிலிருந்து வந்து பிஷப் ஆனார்! யாழ்ப்பாணத்துக்கு எஸ். குலேந்திரன்.

மொத்தம் 14 திருமண்டலங்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். அன்றைய தேதியில் இலங்கை இன்னும் வெள்ளையர் ஆட்சியில். தோர்ணக்கல் இருந்த நிஜாம் சமஸ்தானம் இந்தியாவில் சேரவில்லை. அந்த எல்லைகளைத் தாண்டி ஒரு சபை எழுந்தது. புதுச்சேரி மக்களோ, 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுக்கு வாக்களிக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1950-ல் புதிய திருவிருந்து ஆராதனை முறை வந்தது. முதுகைக் காட்டி நின்ற குரு, மேஜைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நின்றார். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கப்படி, ஒருவர் கூப்பிய கைகளை அடுத்தவர் பற்றி சமாதானம் சொல்வதும் சேர்ந்தது. உலகத்தில் வேறு சபைகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

சேராதவர்கள்

எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டம் நடந்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபை இன்றும் தனிச் சபைதான். பாப்டிஸ்டுகளும் வெளியேதான்.

இன்னொரு குறையும் உண்டு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவைத் தூக்கி எறிந்தவர்கள், இங்கேயே முளைத்த பிரிவை எறியவில்லை. அதுதான் சாதி. எந்த மிஷன் என்று இன்று பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பதில்லை. எந்தச் சாதி என்று கேட்காமல் இருப்பதில்லை. சபைத் தேர்தல்களிலும் அதன் தலை தெரிகிறது.

ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் 1947-ல் சேர மறுத்தார்கள். பழைய முறையை விட மாட்டோம் என்று பல ஆண்டுகள் விலகி நின்று, 1970-களில்தான் இணைந்தார்கள். அதே நந்தியாலுக்கு 2013-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி புதிய பிஷப் பட்டம் ஏற்றார். அவர் பெயர் புஷ்பலலிதா. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பிஷப்!