உறங்காக் காவலன்

நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுவாயுவை அறியக் கனேரிப் பறவையைக் கொண்டுசெல்லுமாறு 1890களில் அறிவுறுத்தியவர் ஹோல்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர். மனிதனுக்கு முன்னரே அச்சிறு பறவை மயங்கி விழும், அதுவே எச்சரிக்கை. அதன் பணியை இன்று பிரித்தானிய இல்லங்களில் ஒரு சிறு கருவி ஆற்றுகின்றது.

விறகு, கரி, எரிவாயு ஆகியன போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு தோன்றுகின்றது. நிறமும் மணமுமற்ற இவ்வாயு குருதியில் ஒட்சிசனின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. உறங்குவோர் விழியாமலே மாண்டுபோதல் கூடும்.

இவ்வாயு தரையிலே தங்குமெனச் சிலர் எண்ணுவர். அது தவறு. காற்றை ஏறத்தாழ ஒத்த எடையுடையதாகையால் அறையெங்கும் கலந்துவிடும். எனவே, அடுப்புள்ள அறையில் அதற்கு 1 முதல் 3 மீற்றர் தொலைவில், கதவு சன்னல்களுக்கு மேலாக, உட்கூரைக்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் கீழே, சுவரில் கருவியைப் பொருத்துவர். அடுப்பில்லாப் படுக்கையறையிலோ, உறங்குவோர் மூச்சுவிடும் உயரமே தக்கது. திரைச்சீலையின் பின்னும், அலுமாரியினுள்ளும், சன்னலருகிலும் வைத்தலாகாது.

ஒலி கேட்டதும் அடுப்பை அணைத்து, கதவுகளைத் திறந்து, அனைவரும் வெளியேறல் வேண்டும். கருவி நஞ்சை அகற்றுவதில்லை. எழுப்புவதே அதன் கடன். உறங்குவோர் செவிக்கு எட்டாத இடத்தில் நிறுத்திய காவலனாற் பயன் யாது?